ஆறாவது துப்பாக்கியும் ஏழு மனுக்களும்

மாரிமுத்துவின் விடுதலைக்காக ஏழு மனுக்கள் எழுதினேன். ஏழும் தள்ளுபடி ஆகும்படி எழுதினேன்.

இதுதான் நான் செய்தது. இனிச் சொல்லப்போவதெல்லாம் எப்படி, ஏன் என்பவைதாம். அவற்றைக் கேட்டுவிட்டு உங்களுக்கு என்மேல் இரக்கம் வரக்கூடும்... வேண்டாம்! இரக்கம் வரும்படி எழுதுவது என் தொழில். அதில் நான் கைதேர்ந்தவன். ஆகவே எச்சரிக்கையாகப் படியுங்கள்.

ரங்கூன் நகரத்தின் க்யிம்யிண்டைங் பகுதியில், ஆற்றோரத்து அரிசி ஆலை ஒன்றில் நான் ரைட்டர். ரங்கூனில் எழுத்தரை அப்படித்தான் அழைப்பார்கள். மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் ஊரில் இருந்தாள். நான் இங்கே மர வீடு ஒன்றின் மாடியில் தனியாக இருந்தேன். ஆலைக் கூலிகளுக்கும் துறைமுகத்துத் தமிழர்களுக்கும் ஒரு மனுவோ தந்தியோ எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். கும்பிட்டுக்கொண்டே வருவார்கள். அந்தக் கும்பிடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மகாயுத்தம் முடிந்து நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. படைக்கு வேண்டாத சாமான்களைக் கண்டோன்மெண்டில் ஏலம் விட்டார்கள். கூடாரத் துணி, சேணம், தண்ணீர்க் குடுவை, ஒற்றைக்கால் பூட்ஸ்... கூடவே பழைய துப்பாக்கிகள். குழலில் துளையிட்டு, தோட்டாவைக் குத்தும் ஊசியைப் பிடுங்கிவிட்டு விற்பார்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், சுட முடியாது. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போலீஸ் இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்து, துப்பாக்கியில் பொறித்த எண்களை லைசென்ஸோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

எனக்கு அந்தத் துப்பாக்கிகள்மேல் பைத்தியம் பிடித்தது. ஏனென்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் ஒரு காக்கையைக்கூடச் சுட்டவனில்லை. தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறவன்! ஆனால் அந்த எண்ணெய் வாசனை... இரும்பில் பொறித்த கிரீடம்... ஒரு கட்டையில் எவனோ ஒரு சிப்பாய் கத்திமுனையால் ஐந்து கோடுகள் கீறியிருந்தான். எதை எண்ணினான்? கொன்றவர்களையா, ஊருக்குப் போக இருந்த மாதங்களையா? அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டே அரைநாள் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆலையில் பகல் முழுதும் 'யெஸ் சார்' சொல்லிவிட்டு வருகிற மனிதன் நான். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துப்பாக்கிகளின் எதிரே நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்காருவேன். அங்கே மட்டுந்தான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஐந்து துப்பாக்கிகளை ஒரே பெட்டியாக ஏலத்தில் எடுத்தேன். மார்ட்டினி ரகம். வீட்டில் பெட்டியைத் திறந்து, ஒன்றொன்றாக எடுத்து வைத்துவிட்டு, வைக்கோலைக் கூட்டிக் கொட்டப்போனேன். கை எதிலோ இடித்தது. அடியில் ஆறாவது ஒன்று கிடந்தது.

குழலில் துளை இல்லை. ஊசியைப் பிடுங்கவில்லை. ஐந்து பிணங்களுக்கு அடியில் உயிரோடு ஒன்று!

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கும். நான் கொடுக்கவில்லை. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு ஒரு வாரம்... பிறகு அதன் எண்ணைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரிடம் ஜாடையாக விசாரித்தேன். உடைத்து உருக்கிய துப்பாக்கிகளின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதாம். அதாவது, சர்க்கார் கணக்கில் அப்படி ஒரு துப்பாக்கியே உலகத்தில் இல்லை. இல்லாததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? ஆற்றில் எறிந்துவிடலாம். சம்பான் படகுகளும் குளிப்பவர்களும் நிறைந்த ஆற்றில், யார் கண்ணிலும் படாமல் எந்த இடத்தில் எறிவேன்?

காரணங்கள்! எல்லாம் காரணங்கள். உண்மை என்னவென்றால், அதைப் பிரிய எனக்கு மனம் வரவில்லை. மற்ற ஐந்தும் வெறும் இரும்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. சுவரில் மாட்டிய ஐந்தை வருகிறவர்களுக்குக் காட்டினேன். ஆறாவதை எனக்கு மட்டும் காட்டிக்கொண்டேன்.

சோதனை நாள் நெருங்கினால் மட்டும் ஆறாவதை வீட்டில் வைத்திருக்க முடியாது. அதற்குத்தான் மாரிமுத்து.

மாரிமுத்து எங்கள் ஆலையில் பாய்லருக்கு உமி அள்ளிப் போடுகிறவன். ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், மூங்கில் குடிசையில் மனைவி செல்லம்மாவோடு இருந்தான். அதிகம் பேசமாட்டான். ஒரு காரியத்தைச் சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டான். அந்தக் குணத்துக்காகவே அவனைத் தேர்ந்தெடுத்தேன். துப்பாக்கியைக் கோரைப்பாயில் சுருட்டிக் கட்டி, 'சாமிப் பொருள் இருக்கிறது, பிரிக்காதே, தாழ்வான இடத்தில் வைக்காதே' என்று சொல்லிக் கொடுப்பேன். அவன் தலையில் வைத்துச் சம்பானில் ஏறிப் போவான். சோதனை முடிந்த பிறகு கொண்டுவந்து தருவான். இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது. சுருட்டிய பாய் சுருட்டியபடியே திரும்பி வரும்.

மூன்றாம் ஆண்டு, ஆயுத பூஜையும் சோதனையும் அடுத்தடுத்த நாளில் வந்தன.

ஆயுத பூஜை நமக்கு எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலையில் மாரிமுத்துவின் உமி வாரியிலிருந்து பெரிய எஞ்சின்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் வீட்டில் பேனா, மைக்கூடு, அகராதி... அவற்றோடு துப்பாக்கிகளையும் கழுவித் துடைத்து வைத்தேன். ஆறையும் வைத்தேன்! ஐந்துக்கு மட்டும் பொட்டிட்டு ஒன்றை விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. ஆறாவதற்குத்தான் சந்தனத்தைத் தாராளமாகப் பூசினேன்.

தீபம் காட்டி முடித்தேன். நண்பகல் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து சேதி வந்தது. மறுநாள் காலையிலேயே இன்ஸ்பெக்டர் வருகிறாராம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது. துடைக்கவும் கூடாது. பரம்பரையாக வந்த வழக்கம். எடுத்தே ஆக வேண்டியிருந்ததால் எடுத்தேன். அதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் துடைக்கவில்லை. சாமிக்கு இட்ட பொட்டைக் கையால் அழிக்க எனக்குப் பயமாக இருந்தது... பொய்யைச் சுருட்டிக் கொடுக்கப் பயப்படாதவனுக்குப் பொட்டை அழிக்கப் பயம்! சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள். ஈரச் சந்தனத்தோடு அப்படியே பாயில் சுருட்டினேன். அன்று மாலை, நல்ல வெளிச்சத்திலேயே, மாரிமுத்து அதைத் தலையில் சுமந்து அக்கரை சேர்ந்தான்.

விஜயதசமியன்று புனர்பூஜையை விடியும்போதே முடித்தேன். மற்ற ஐந்தையும் பளபளவென்று துடைத்து மாட்டினேன். இன்ஸ்பெக்டர் உ ம்யா என்ற பர்மியர் வந்தார். நல்ல மனிதர். எண்களைப் பார்த்தார், கையெழுத்திட்டார், இட்டலி சாப்பிட்டார். ரங்கூனிலேயே இத்தனை சுத்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர் நீர்தான் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா என்று மாரிமுத்துவிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன்பே, டாலாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கொள்ளை நடந்துவிட்டது. துப்பாக்கியோடு வந்தார்களாம். போலீஸ்காரர்கள் டாலாவில் குடிசை குடிசையாகப் புகுந்து தேடினார்கள்.

மாரிமுத்துவின் குடிசையில், கூரைக்கழியில் கட்டித் தொங்கிய பாயை இறக்கினார்கள். பாயின்மேல் வாடாத பூ செருகியிருந்தது. செல்லம்மா வைத்தது. சாமிப் பொருள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அவள் தினமும் குளித்துவிட்டுப் பூ வைத்திருக்கிறாள்.

கொள்ளைக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் தொடர்பில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் லைசென்ஸ் இல்லாத, சுடக்கூடிய படைத் துப்பாக்கி! அது ஒன்றே போதும்.

செய்தி ஆலைக்கு வந்தபோது நான் ஏற்றுமதிக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தேன். ஒரு பிழையில்லாமல் எழுதி முடித்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பிறகு லாக்கப்புக்குப் போனேன். ஆலைக் கூலிக்கு உதவ ரைட்டர் வந்திருக்கிறார் என்று மரியாதையாக உள்ளே விட்டார்கள். மாரிமுத்து கம்பிக்கு அந்தப்பக்கம் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். போலீஸ்காரர்கள் பாயைப் பிரித்தபோதுதான் உள்ளே என்ன இருந்தது என்று அவனும் முதல்முதலாகப் பார்த்திருக்கிறான்.

"சாமிப் பொருள்னு சொன்னீங்களே, ஐயா" என்றான்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "என் பேரைச் சொல்லாதே மாரிமுத்து. நானும் உள்ள வந்துட்டா, வெளிய உனக்கு யாரு இருக்கா? நான் வெளிய இருந்தாத்தான் உனக்காக எழுத முடியும். எழுதி உன்னைக் கொண்டுவந்துடுவேன்."

"சரிங்க ஐயா. நீங்க எழுதுங்க" என்றான்.

யாரோ ஒருவன் பாயைக் கொடுத்து வைத்திருக்கச் சொன்னான், ஆளைத் தெரியாது, உள்ளே என்னவென்றும் தெரியாது... இப்படிச் சொல் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாதி உண்மை என்பதால் அவனால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது.

இப்போது வழக்கு மன்றத்துக்கு வருகிறேன். மனுக்களைவிட எனக்கு இதைச் சொல்லத்தான் கூசுகிறது.

உ ம்யா என்னைப் போலீஸ் தரப்புச் சாட்சியாக அழைத்துப் போனார். பழைய துப்பாக்கி தெரிந்தவர், தமிழர், ஆங்கிலம் அறிந்தவர். உம்மைவிட யார் வேண்டும் என்றார். எப்படி மறுப்பேன்? மறுத்தால் ஏன் என்று யோசிக்கமாட்டாரா? ஆறாவது துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. கட்டையிலும் விசைக்குப் பக்கத்திலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் சிவப்பு.

மாஜிஸ்திரேட் அந்த மஞ்சள் பூச்சைச் சுரண்டிப் பார்த்து, இது என்ன என்றார். உ ம்யா தயங்காமல் 'தனாகா' என்றார். பர்மியப் பெண்கள் கன்னத்தில் அரைத்துப் பூசும் மரப்பட்டைக் குழம்பு. இந்த ஊரில் அது அப்பாத முகம் ஏது? பர்மியர் வீட்டில் இருந்து வந்த துப்பாக்கியாக இருக்கலாம் என்று அவரே சொன்னார்.

கதவு திறந்துவிட்டதே! பர்மியன் எவனோ பாயில் சுருட்டிக் கொடுத்திருக்கிறான், இந்தக் கூலி அப்பாவித்தனமாக வாங்கி வைத்திருக்கிறான்... மாரிமுத்து சொன்ன கதைக்கு அப்படியே பொருந்துகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் பெயருக்கும் ஆபத்தில்லை. ஒன்றுமே செய்யாமல் அவனைக் காப்பாற்றியிருக்கலாம்!

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, நீர் என்ன சொல்கிறீர் என்றார்.

"தனாகா அல்ல ஐயா, சந்தனம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனை ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத் தின்றுகொண்டிருக்கிறேன்! தப்பான ஒன்றைத் திருத்தாமல் இருக்க முடியாத ரைட்டர் புத்தியா? தெரிந்தவன் என்று அழைத்தவர்கள்முன் தெரிந்ததைக் காட்டும் ஆசையா? அல்லது, பர்மியனைத் தேடப் புறப்பட்டால் விசாரணை நீண்டு, சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் வாசலுக்கு வந்துவிடும் என்ற பயமா? மாரிமுத்துவோடு முடிந்துபோகட்டும் என்று எனக்குள் ஒருவன் நினைத்தானா?

சிவப்பு என்ன என்றார்கள். குங்குமம் என்றேன். துப்பாக்கிக்கு ஏன் இடுகிறார்கள் என்றார்கள். விளக்கினேன்... நன்றாகவே விளக்கினேன். "எதை வைத்து ஒருவன் பிழைக்கிறானோ, எது தன்னுடையது என்று போற்றுகிறானோ, அதற்கு எங்கள் மக்கள் ஆண்டுக்கு ஒருநாள் பொட்டிடுவார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த ஒரு வாக்கியந்தான் மாரிமுத்துவை உள்ளே தள்ளியது. பாயில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்றவன் அதற்குப் பொட்டிட்டுப் பூஜை செய்திருக்கிறான், மேலே பூவும் வைத்திருக்கிறான்; ஆகவே தெரிந்தே வைத்திருந்தான், தன்னுடையது என்று போற்றினான். ஆலையில் அவனுடைய உமி வாரியில் இருந்த பொட்டையும் சாட்சியாகக் காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கடுங்காவல்.

மாரிமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயா நமக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று நினைத்தானாம். செல்லம்மா பின்னால் என்னிடம் சொன்னாள்.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே அவள் வந்தாள். மனு எழுதித் தர வேண்டும் என்றாள்.

முதல் மனுவை உண்மையாகத்தான் தொடங்கினேன். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்... நம்பாவிட்டாலும் சரி. 'இந்த மனிதன் குற்றமற்றவன். துப்பாக்கி வேறொருவருடையது' என்று எழுதினேன். எழுதியதும் அந்த 'வேறொருவர்' காகிதத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். இதைப் படிக்கிற அதிகாரி முதலில் கேட்கப்போவது, யார் அந்த வேறொருவர் என்றுதானே! கிழித்துப் போட்டேன்.

வேறு தாள் எடுத்தேன். கருணை மனு எழுதினேன். 'என் கணவர் அறியாமையால் இக்குற்றத்தைச் செய்துவிட்டார். செய்ததை எண்ணி வருந்துகிறார். தாங்கள் இரங்க வேண்டும்...' மிக உருக்கமான ஆங்கிலம். குற்றத்தை ஒப்புக்கொண்ட மனுவை எந்த அதிகாரியும் திரும்ப விசாரிக்கமாட்டான். ஆயுத வழக்கில் இரக்கமும் காட்டமாட்டான். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

"என்ன எழுதியிருக்கீங்க ஐயா?" என்று செல்லம்மா கேட்டாள்.

"உன் புருஷன் நிரபராதின்னு எழுதியிருக்கேன்" என்றேன்.

அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து நானே ஒற்றினேன். 'இக்குற்றத்தைச் செய்துவிட்டார்' என்ற வரிக்குக் கீழே! விரல் காய்ப்பேறி மை சரியாகப் பிடிக்கவில்லை; இரண்டாம் முறை அழுத்தி ஒற்றினேன். படி ஒன்று வேண்டும் என்றாள். அவளுக்காக இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நிராகரித்துப் பதில் வரும். மறுபடி வருவாள். மறுபடி எழுதுவேன். ஒவ்வொரு முறையும், ஐயா இல்லாவிட்டால் எங்களுக்கு நாதியில்லை என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஏழு முறை. ஏழாவதை ஒரே மூச்சில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன்.

நீங்கள் கேட்கலாம்: நடுவில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுந்து போய்ச் சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருக்கலாம். முதல் மாதத்தில் சொல்லியிருந்தால் துப்பாக்கியை மறைத்த குற்றம் மட்டும். இரண்டாம் மனுவுக்குப் பிறகு சொன்னால் ஏமாற்றிய குற்றமும் சேரும். ஐந்தாவதுக்குப் பிறகு... ஒவ்வொரு நாளும் நானே ஒரு செங்கல்லை எடுத்து வைத்து என்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அவனுக்காவது வெளியே வர ஒரு தேதி குறித்திருந்தார்கள்.

அந்த ஐந்து துப்பாக்கிகளையும் விற்றுத் தொலைக்கலாம் என்றாலும் முடியவில்லை. உ ம்யா ஆண்டுதோறும் ஆசையோடு வருகிறார். தம் நண்பர்களையும் அழைத்து வருகிறார். திடீரென்று ஏன் விற்கிறீர் என்று கேட்டால்? ஆகவே துடைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன், மாட்டுகிறேன். அவற்றின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

மாரிமுத்து மூன்று ஆண்டும் முழுதாக இருந்துவிட்டு வெளியே வந்தான். மெலிந்திருந்தான், இருமினான். ஆலையில் மறுபடி பாய்லர் வேலைக்கு நான்தான் சொல்லிச் சேர்த்தேன். அதற்கும் செல்லம்மா என் காலில் விழுந்தாள்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு என்னை டாலாவுக்கு அழைத்தார்கள். பல சாக்குச் சொன்னேன். ஐயா வராமல் தீபம் காட்டமாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். போனேன்.

முன்பு பாய் தொங்கிய கூரைக்கழிக்குக் கீழே ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதன்மேல் செல்லம்மாவின் அரிவாள்மணை, உலக்கை. அவற்றின் நடுவில், மஞ்சள் துணி விரித்து, ஏழு தாள்கள். என் கையெழுத்து! ஒவ்வொன்றின் தலைப்பிலும் சந்தனம் பூசிக் குங்குமம் இட்டிருந்தது.

இது எதற்கு என்று கேட்டேன்.

"இதாலதானே ஐயா மூணு வருசம் உசுரோட இருந்தோம்" என்றாள் செல்லம்மா. "இவரு உள்ள இருந்தப்ப, மனு போயிருக்கு, மனு போயிருக்குன்னு சொல்லிக்கிட்டுத்தான் நான் சோறு தின்னேன்."

தீபம் காட்டி முடிந்ததும் மாரிமுத்து முதல் தாளை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். ஒரே ஒரு தடவை இதைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்றான். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். 'என் கணவர் இக்குற்றத்தைச் செய்துவிட்டார்' என்று அதில் இருந்தது.

வாசித்தேன். "இந்த மனிதர் குற்றமற்றவர். இந்தத் துப்பாக்கி இவருடையதல்ல. வேறொருவருடையது. சாமிப் பொருள் என்று நம்பி இவர் வைத்திருந்தார். அந்த இன்னொரு ஆள் தானே தங்கள்முன் வந்து நிற்கத் தயாராக இருக்கிறான். இவரை விட்டுவிடுங்கள்..." வரிக்கு வரி விரலை நகர்த்தினேன். பக்கம் திருப்பும் இடத்தில் திருப்பினேன். நான் எழுதியிருக்க வேண்டிய மனுவை மூன்று ஆண்டுகள் கழித்து, அது எதற்கும் உதவாத இடத்தில், அத்தனை அழகாக வாசித்தேன். செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாரிமுத்து படித்துறைவரை என்னோடு வந்தான். சம்பானுக்காக நின்றிருந்தோம். ஆற்றைப் பார்த்தபடி கேட்டான்:

"அந்த இன்னொரு ஆளு பேரை எழுதினீங்களா ஐயா?"

இங்கே ஒரு கதவு திறந்தது. கடைசிக் கதவு. இல்லையப்பா, நான் எழுதவில்லை, ஒன்றுமே எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதிரே நின்றது போலீஸ் இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை. அவன் ஒருவன்தான்!

"எழுதினேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "தெரியும் ஐயா. பெரிய மனுசன் பேரைப் போட்டிருந்தா அவங்க நம்பியிருக்கமாட்டாங்க. உங்க மேல குத்தமில்ல." பிறகு சம்பான்காரனிடம், ஐயாவைப் பார்த்து இறக்கிவிடு என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

என்னை மன்னித்துவிட்டான். நான் செய்யாத நல்ல காரியத்துக்காக! அந்த மன்னிப்பை நான் எங்கே வைத்துக்கொள்வது? எனக்கு வந்ததல்லவே அது...

இதையெல்லாம் நான் ஏன் ஆங்கிலத்தில் எழுதவில்லை என்று யோசித்தீர்களா? ஆங்கிலத்தில் எழுதினால் ஸ்டேஷனில் படித்துவிடுவார்கள். என் பெயரை எங்கேயாவது போட்டிருக்கிறேனா என்று முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இல்லை. ஒப்புக்கொள்ளும்போதுகூட நான் இப்படித்தான் எழுதுகிறேன். தள்ளுபடி ஆகும்படி.

ஆண்டுதோறும் இப்போது அந்தப் பூஜைக்கு நான் போயே ஆக வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் படித்துக் காட்டச் சொல்கிறார்கள். தாள்களில் பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம் ஏறி, மேல்வரிகள் மறைந்துவிட்டன. எனக்கு அதனால் என்ன? நான் பார்க்காமலே வாசிக்கிறேன்.

இந்த முறை சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் வாசித்தேன். முடித்துத் தாளை மடிக்கப் போனபோது செல்லம்மா மெதுவாகச் சொன்னாள்:

"போன வருசம் ஒரு வரி வந்திச்சே ஐயா. அந்த இன்னொரு ஆளு தானே வந்து நிக்கத் தயாரா இருக்கான்னு. அதை விட்டுட்டீங்க."

மாரிமுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஆமாம் அம்மா, விட்டுப்போச்சு" என்று சொல்லி, தாளை மறுபடி பிரித்து, அந்த வரி இல்லாத இடத்தில் விரலை வைத்து, அதையும் வாசித்தேன்.